பயிற்சியாளரின் இடது முழங்கால்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பாவும் நானும் சுகம். நீயும் போன மாதம் பிசகிய உன் கணுக்காலும் சுகம்தானே? சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அப்பா சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது கிடக்கட்டும், உனக்கு ஒரு சேதி. மூன்று வருடங்களுக்கு முன் கால்பந்து அணித் தேர்வுக்குப் போனபோது, நீ பந்தை ஒருமுறைகூட உதைக்குமுன், எடை தூக்கும் இயந்திரத்தில் நீ தூக்கிய கனத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இந்தக் குச்சிக் காலை வச்சுக்கிட்டா பந்து உதைக்கப் போற?" என்று எல்லோர் முன்னாலும் உன்னைத் திருப்பி அனுப்பினாரே ஒரு பயிற்சியாளர், அவர் இப்போது என் பிசியோதெரபி அறைக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறார். தன் அணிப் பெண்களுக்கு உதைத்துக் காட்டப் போய், ஊன்றிய இடது கால் தாங்காமல் மூட்டு ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை. முதல் நாள் அந்தக் காலை ஒரு சாண் தூக்கச் சொன்னேன், நடுங்கியது. அவருடைய 'குச்சிக் கால்' என்ற வார்த்தையே என் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பத்து முறை போதும் மேடம் என்று கெஞ்சினால் இன்னும் ஐந்து என்கிறேன், அவர் காலுக்கும் நல்லது, என் மனசுக்கும் நல்லது. நேற்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது ஒன்று, கண் இமைப்பதற்குள் அதில் எவ்வளவு வெளியே வருகிறது என்பது வேறு, பந்தை விரட்டுவது இரண்டும் சேர்ந்துதான், உங்கள் இயந்திரம் முதலாவதை மட்டும்தான் காட்டும் என்று. நீங்கள் திருப்பி அனுப்பிய ஒரு பெண் நின்ற இடத்திலிருந்து குதித்து எங்கள் வீட்டுப் பரணைத் தொடுவாள் என்றேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "அது உங்க பொண்ணா?" என்றார். "ஆமா சார். இன்னும் அஞ்சு" என்றேன்.

அடுத்த மாதம் உங்கள் அணி அவர் அணியோடு மோதுகிறது அல்லவா, அதற்குள் அவரை ஊன்றுகோல் இல்லாமல் நிற்க வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வைத்தியம் பார்க்கிறாயா, வெட்டுவதற்கு ஆடு வளர்க்கிறாயா என்று அப்பா கேட்கிறார். இவ்வளவு வன்மம் எனக்குள் இருந்தது எனக்கே புதிதுதான், ஆனால் அன்று பேருந்தில் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் நீ அதன் கயிற்றைக் கட்டிக் கட்டி அவிழ்த்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. எடைப் பயிற்சியை விட்டுவிடாதே, பலமே இல்லாத காலில் வேகம் எங்கிருந்து வரும், அந்த மட்டும் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளக் கசக்கிறது. ஊன்றும் காலையும் கவனி, அதைக் கவனிக்காதவர் கதியைத்தான் தினமும் பார்க்கிறேனே. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கனம் தூக்காதே, கணுக்காலுக்குக் கட்டுப்போட மறக்காதே.

உன் இரண்டு கால்களுக்கும் எங்கள் ஆசிகள். தூரத்து ஃப்ரீ கிக் கிடைத்தால் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. பந்து வலைக்குள் போனதும் அவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார். அவர் எழுந்து நின்று அதைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் காலைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா