இருபத்து நாலு நாள் காப்பு

பெருநகர்,
16-11-2025.

அன்புத் தம்பி ஜெகதீசனுக்கு,

அக்கா ரேணுகா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் அது பொய். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால் அந்த இரண்டு வரியையும் விட்டுவிடுகிறேன்.

நீ போனை எடுத்து நாற்பது நாளாகிறது. மெசேஜ் போட்டால் ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது. மாமா பிளாக் பண்ணிட்டார் என்று என் மகள் சுபாஷ்ரீ சொன்னாள். நேற்று பஸ் பிடித்து உத்திரமேரூர் போய், லண்டனுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று தபால் ஆபீசில் கேட்டுக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. கேழ்வரகுக் களி கிண்டிக் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள். இந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. செய்யாற்றில் தண்ணீர் போகிறது. கரையோரக் கழனியில் நட்ட நாற்று பாதி முழுகி, பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன்தான் நின்று வடிகால் வெட்டிவிட்டார். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மா அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை. எப்போதும் நைனாதான் வைப்பார்.

நைனா போன செய்தியை நான் சொன்ன அன்று நீ ஒரு கேள்வி கேட்டாய். கடைசியில் நைனா என்னைக் கேட்டாரா அக்கா என்றாய். நான் இல்லை என்றேன். நீ பாட வேண்டும், அதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டார் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் வீட்டில் கூடத் தங்கியிருக்கும் தமிழ்வாணன் போன வாரம் சுபாஷ்ரீக்கு எழுதியிருந்தார். அடுத்து ஒப்புக்கொண்ட வேஷத்தை நீ திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். வாயைத் திறந்து ஒரு வரி பாடுவதில்லையாம். கேட்டால், எங்கள் நைனாவுக்கே நான் தேவைப்படவில்லை, வேறு யாருக்குப் பாடுவது என்கிறாயாம். படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைனாவுக்கு நீ தேவைப்படவில்லையா? உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பாட்டுப் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் இரண்டு வருஷம் உன்னோடு பேசவில்லை. வாஸ்தவம். ஆனால் அந்த இரண்டு வருஷமும் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வருவார். உனக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். ராங்கி பிடித்த மனுஷன். நீயும் அவர் பிள்ளைதானே.

உனக்குப் பதின்மூன்று வயதில் குரல் உடைந்தது. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் மற்ற பிள்ளைகள் சத்தமே கேட்கவில்லை என்று வாத்தியார் உன்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார். நீ கழனியில் கொக்கு விரட்டினால் அடுத்த ஊர்க் கொக்கும் சேர்ந்து பறக்கும். ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜ் படித்து, மேல்படிப்புக்கு லண்டன் போய், குடியிருந்த தெருவின் சர்ச் பாட்டுக் குழுவில் கனத்த குரலுக்கு ஆள் இல்லையென்று கூப்பிட்டார்கள் என்று போய் நின்றாய். அங்கே பிடித்துக்கொண்டது உனக்கு. சங்கீதக் காலேஜ், அப்புறம் முழுக்கப் பாட்டாலேயே நடத்துகிற அந்த நாடகங்கள். எட்டு வருஷம் கோரஸில் பின்னால் நின்றாய். ஒரு வருஷம் காவல்காரன், ஒரு வருஷம் கடிதம் கொண்டுவருகிறவன். வேஷத்தின் படம் அனுப்புவாய், நான் உன்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கே மைக் கிடையாது, கடைசி வரிசை வரைக்கும் குரலே போக வேண்டும் என்று நீ சொன்ன அன்றுதான் நைனா இளகினார். மைக் இல்லாம பாடுறானா, அப்ப அவனுங்களும் நம்ம கூத்துக்காரனுங்க மாதிரிதான் என்றார். அதற்கப்புறம் உன் பாட்டைப் பம்புசெட்டில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பார். மொழி புரியாது. தலையை மட்டும் ஆட்டுவார்.

அப்புறம் இந்த வருஷம் வந்தது பெரிய வேஷம். மகனை நாடு கடத்திவிட்டுப் பிறகு தேடி அலைகிற கிழட்டு ராஜா. முப்பத்தேழு வயசுப் பையனுக்குக் கிழவன் வேஷமா என்று நைனா சிரித்தார். எந்த ஊரிலும் கனத்த குரல்காரனுக்கு ராஜா வேஷம்தான் போல என்றார். எட்டு ஆட்டம், இருபத்து நாலு நாளில். அதைக் கேட்டதும் அவர் சொன்னது, அப்ப அது பாரதக் கூத்து மாதிரி, காப்பு கட்டினாப்போலத்தான்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பாரதத்துக்குக் காப்பு கட்டினவன் ஊர் எல்லை தாண்ட மாட்டான், அவனுக்குச் சாவுத் தீட்டும் இல்லை. வேஷம் கட்டினவனுக்கு முகத்தில் அரிதாரம் இருக்கிறவரை சாவுச் செய்தி சொல்லக் கூடாது. கூத்து வாத்தியார் தாண்டவராயன் துரியோதனனாக ஆடிக்கொண்டிருந்தபோது அவர் அம்மா போன செய்தியோடு ஆள் வந்ததும், நைனா அந்த ஆளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, விடிந்து கிரீடம் இறக்கிய பிறகுதான் சொல்லவிட்டதும் ஊருக்கே தெரிந்த கதை. வாத்தியார் அதற்காக நைனாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

உன் முதல் ஆட்டம் செப்டம்பர் பன்னிரண்டு. நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றைக்கு நாலாம் நாள். சாதாரண மூச்சிரைப்பு, இரண்டு நாளில் வந்துவிடுவார் என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஏழுமலை அண்ணன், தம்பிக்குச் சொல்லும்மா, ஐஸ் பெட்டியில் ரெண்டு நாள் வைக்கலாம், அவன் வரட்டும் என்றார். நான் எல்லோர் எதிரிலும் சொன்னேன். நைனாவே வேண்டாம் என்றுவிட்டார், ஜெகன் காப்பு கட்டியிருக்கிறான், கடைசி ஆட்டம் முடிந்து வேஷம் கலைக்கிற வரைக்கும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார் என்றேன். தாண்டவராயன் வாத்தியாருக்கு அப்படிச் செய்தவர் தன் பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எல்லோருக்கும் பட்டது. அம்மாவும் நம்பினாள். ஏழுமலை அண்ணன் கொள்ளி வைத்தார்.

அப்புறம் இருபத்து நாலு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ கூப்பிடும்போதெல்லாம் நைனா தூங்குகிறார், டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார் என்றேன். கருமாதி அன்று நீ கூப்பிட்டாய். என்ன அக்கா கூட்டமாகச் சத்தம் கேட்கிறது என்றாய். பக்கத்து வீட்டில் காதுகுத்து என்றேன். எப்படி வந்ததோ அந்த வாய்.

நைனாவுக்கு என்று நீ குரலை அனுப்புவாயே, அதையெல்லாம் நைனா படத்துக்கு முன்னால் போடச் சொன்னாள் அம்மா. விளக்கேற்றிவிட்டுப் போடுவேன். மூன்றாவது ஆட்டத்தில் கை தட்டல் நிற்கவேயில்லை நைனா என்று சொல்லியிருந்தாய். எட்டாம் நாள் பேப்பரில் வந்ததை அனுப்பினாய். இங்கிலாந்தின் பாரிடோன், அதாவது கனத்த குரல்காரர், தேவராஜன் கிழட்டு ராஜாவாக அரங்கத்தையே அழவைத்தார் என்று சுபாஷ்ரீ படித்துத் தமிழில் சொன்னாள். அங்கே அப்பன் பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அம்மா கேட்டாள், இவர் எப்படி அங்க போய்ப் பாடினார் என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்புறம் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்த மறுநாள் உன்னிடம் சொன்னேன். நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ அமைதியாக, எனக்கு மாத்து ஆள் இருந்தான் அக்கா என்றாய். உன் வேஷத்தின் பாட்டு மொத்தமும் பாடம் பண்ணிக்கொண்டு, உனக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஏறி நிற்க ஒருத்தன் எட்டு நாளும் தயாராகக் காத்திருந்தான் என்றாய். ஒரு போன் போதும், அடுத்த பிளைட்டில் வந்திருப்பேன் என்றாய். எனக்கு எப்படித் தெரியும் ஜெகா? நம் கூத்தில் துரியோதனனுக்கு மாற்று ஆள் ஏது? அவன் விழுந்தால் கூத்து நின்றுவிடும். அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரியனைக் கும்பிடுகிறேன்.

இது வரைக்கும் எழுதியது தெரியாமல் செய்த தப்பு. இனி எழுதப்போவது தெரிந்தே செய்தது. அம்மாவுக்கும் தெரியாது, ஏழுமலை அண்ணனுக்கும் தெரியாது.

நைனா அப்படிச் சொல்லவே இல்லை.

அன்று நாலு மணிக்கு அம்மா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். நைனா கண்ணைத் திறந்து, "ஜெகனுக்குப் போன் போடு ரேணு" என்றார். ஆட்டம் இருக்கிற நாள் முழுக்க நீ வாய் பேச மாட்டாய், குரலைக் காப்பாற்ற வேண்டும், அன்றைக்குப் போன் பண்ணாதே என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். அதைச் சொன்னேன். இன்னைக்கு அவனுக்குப் பெரிய வேஷம் நைனா, நாளைக்குப் பேசலாம் என்றேன். "அவங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னாத்துக்கு நின்னுகினு கீற, போடு" என்றார். என்கிட்ட சொல்லு, நான் சொல்றேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். "உங்கிட்ட இல்ல. அவங்கிட்ட."

போனை எடுத்தேன். உன் பேரைத் தேடி எடுத்துவிட்டேன். அமுக்கவில்லை. இந்தக் குரலைக் கேட்டால் இவன் மேடை ஏற மாட்டான், எட்டு வருஷம் பின்னால் நின்றது வீணாகும் என்று நினைத்தேன். என் தம்பிக்கு ராஜா வேஷம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன் வேறு. அந்தப் பெருமையும் இருந்தது, மறைக்க மாட்டேன். லைன் கிடைக்கவில்லை நைனா என்று சொன்னேன். சரி, அப்புறம் போடு என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அதற்கப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் உன்னைக் கேட்டார் ஜெகா. உன்னை மட்டும்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற நான்கூட அவருக்கு வேண்டியிருக்கவில்லை. என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அது உன்னுடையது. நான்தான் அதை உன்னிடம் சேர விடாமல் பண்ணிவிட்டேன். அவருக்கு நீ வேண்டாம் என்று மட்டும் இனி நினைக்காதே. என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

இதை அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் கையில். நான் தடுக்கமாட்டேன். யாருக்கு எதை எப்போது சொல்வது என்று இனி நான் முடிவு பண்ணப்போவதில்லை. போன் எப்போதும் என் பக்கத்திலேயே இருக்கிறது. திட்டுவதற்காகவாவது ஒரு தரம் கூப்பிடு. நான் பதில் பேச மாட்டேன். நீ முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் குரலுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா,
ரேணுகா.