கை நின்ற பதினொரு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அடைத்தது. கிரேன் கூண்டில் மதியச் சாப்பாடு. அவித்த முட்டையில் இரண்டாவது வாய், நெஞ்சுக்கு நடுவே போய் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்தால் அதுவும் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கீழே நின்று எனக்கு வழி சொல்பவர் வாக்கி டாக்கியில், "என்னம்மா, மேல தூங்கிட்டீங்களா? கம்பிக்கட்டு காத்துக் கிடக்கு" என்றார். நெஞ்சைக் குத்திக்கொண்டே கொக்கியை இறக்கினேன்.

ஒரு மாதமாக இப்படித்தான். கஞ்சி போகிறது, சோறு பாதி போகிறது, முட்டை போவதே இல்லை. ஏன் எப்போதும் அதே இடம்?

மார்ச் 19, புதன்

கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்து, சதை கிள்ளி எடுத்தார்களே, அதன் முடிவு வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு நீளம் டாக்டர்?"

நாலு சென்டிமீட்டர். பஸ்ஸில் கட்டைவிரலை மடக்கி அளந்து பார்த்தேன். இதுக்குப் போயா இத்தனை ஆட்டம்?

மார்ச் 20, வியாழன்

முதலில் கீமோவும் கதிர்வீச்சும். பிறகு ஆபரேஷன், ரோபோ வைத்து. ரோபோவா? அதை யார் ஓட்டுவது?

ஜூன் 24, செவ்வாய்

கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரம். கட்டி சுருங்கியிருக்கிறது. இன்று சர்ஜன் அம்மாவைப் பார்த்தோம். என்னைவிட இளையவர், நறுக்கென்று பேசுகிறார்.

"உணவுக்குழாயை எடுத்துடுவோம். இரைப்பையையே குழாய் மாதிரி வெட்டித் தச்சு, மேல இழுத்துக் கழுத்துல சேர்ப்போம்."

என் வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. பள்ளிக்கூட நூலகர், புத்தகத்தில் படித்தால் தாங்குவார், நேரில் கேட்டால் தாங்கமாட்டார்.

"ரோபோ தானாச் செய்யுமா?" என்றேன்.

"நான் அசைக்காம அது ஒரு நூல்கூட அசையாது."

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"அதே ரூம்ல. ஒரு மூலையில."

டவர் கிரேன் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்படின்னா வாங்க" என்று பயிற்சி அறைக்கே அழைத்துப் போய்விட்டார். முகத்தைப் பதித்துப் பார்க்க ஒரு பெட்டி, விரல் நுழைக்கப் பிடிகள், காலடியில் மிதிகள். அந்தப் பக்கம் எஃகுக் கைகள். என் மணிக்கட்டு திரும்பாத கோணத்துக்கெல்லாம் அவை திரும்புகின்றன! ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் கம்பியில் மாட்டினேன். அடுத்ததைக் கிழித்துவிட்டேன்.

"அழுத்தறது கைக்கே தெரியலையே டாக்டர்?"

"இந்த மிஷின்ல தெரியாது. சதை எவ்வளவு இழுபடுது, வெளுக்குதான்னு கண்ணாலதான் பார்த்துக்கணும்."

மேலே உட்கார்ந்து கயிற்றின் ஆட்டத்தைப் பார்த்துக் கனம் சொல்கிறவள் நான். எனக்கு இதைவிட என்ன தைரியம் வேண்டும்?

ஜூலை 10, வியாழன்

நாளைக்கு. ஒப்புதல் படிவத்தை அவர் இரண்டு முறை படித்து, எழுத்துப்பிழை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வலது நுரையீரலைச் சுருக்கி வைத்துவிட்டு வேலை செய்வார்களாம். சுருங்கின நுரையீரல் எப்படி இருக்கும்? மடித்து வைத்த தார்ப்பாய் மாதிரியா?

பயமா இருக்கு. எழுதிட்டேன், போதுமா? எழுந்திருப்பேனா? எழுந்தா சாப்பிட முடியுமா? யாருகிட்டக் கேக்கறது இதையெல்லாம்.

ஜூலை 14, திங்கள்

இருக்கிறேன். எட்டு மணி நேரம் ஆனதாம். மார்பில் ஒரு குழாய், வயிற்றில் ஒன்று, மூக்கில் ஒன்று. மூச்சு இழுத்துப் பந்து ஏற்றும் பொம்மை கொடுத்திருக்கிறார்கள். "மூணு பந்தும் ஏறணும் அக்கா" என்கிறாள் நர்ஸ். இரண்டுதான் ஏறுகிறது. மூன்றாவது என்னைப் பார்த்து முழிக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

மருந்துத் தண்ணீர் ஒரு வாய் விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே பார்த்தார்கள். கழுத்தில் தைத்த இடத்தில் கசிவு.

"சின்னதுதான். பெரும்பாலும் தானா மூடிக்கும். அதுவரை வயித்துக் குழாய் வழியாத்தான் சாப்பாடு" என்றார் சர்ஜன் அம்மா.

மூடலைன்னா? எனக்கு முன்னால் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். "அப்ப பார்ப்போம்" என்று பதில். பொய்யாகத் தேற்றாமல் சொன்னது ஒரு விதத்தில் பிடித்திருந்தது. இன்னொரு விதத்தில், போங்கடி நீங்களும் உங்க மிஷினும்.

ஜூலை 31, வியாழன்

மூடிவிட்டது!

ஒரு ஸ்பூன் தண்ணீர். அதன் குளிர்ச்சி எங்கெங்கே போகிறதென்று கண்ணை மூடிப் பின்னாலேயே போனேன். புது வழி. எங்கும் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சுற்றியிருந்த நெறிக்கட்டிகள் இருபத்தாறு எடுத்துச் சோதித்தார்களாம். ஒன்றில்கூடப் புற்றுநோய் இல்லை. அவர் தாளை வாங்கி மூன்று முறை படித்தார். பிழை இல்லை.

ஆபரேஷன் வீடியோவைக் காட்டுங்கள் என்று சர்ஜன் அம்மாவை நச்சரித்து வாங்கிவிட்டேன். வீட்டுக்காரர் பார்க்கமாட்டேன் என்று வெளியே போய்விட்டார். திரையில் என் உள்ளே. பக்கத்தில் என் இதயம், எதையும் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு. நுரையீரல் தார்ப்பாய் மாதிரி இல்லை, ஈரத் துண்டு மாதிரி. எஃகுக் கை இழை இழையாகப் பிரித்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றுவிட்டது. கடிகாரம் மட்டும் ஓடுகிறது. பதினொரு நிமிடம்.

"இங்க என்ன ஆச்சு டாக்டர்?"

படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். "கட்டி மூச்சுக்குழாயோட ஒட்டியிருந்தது. கொஞ்சம் கூடுதலா இழுத்தாக் கிழிஞ்சிடும். மார்பைத் திறந்துடலாமான்னு யோசிச்சேன். எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன். திரும்பப் பார்த்தப்ப, ஒட்டின இடத்துக்கு அடியில ஒரு கோடு தெரிஞ்சுது. அது வழியாப் போனேன்."

"காத்து அடிச்சா நானும் நிறுத்திடுவேன். கீழ யாரு கத்தினாலும் சரி" என்றேன்.

"உங்களையாவது கத்துவாங்க. என்னை யாரும் கத்தல. அதுதான் கஷ்டம்" என்றார்.

நவம்பர் 8, சனி

மாடி ஜன்னலைத் திறந்து போட்டது யார் என்று சாப்பிடும்போது சண்டை. மழையில் அவருடைய புத்தகங்கள் நனைந்துவிட்டன. "உனக்கு எத்தனை தடவ சொல்றது?" என்றார். "கடைசியா மாடிக்குப் போனது யாரு?" என்றேன். அங்கிருந்து போன வருஷத்துக்குத் தாவி, அவர் அண்ணன் கல்யாணத்துக்குப் போய், அதற்கும் முந்தியதை எல்லாம் தோண்டி எடுத்தோம். மார்ச்சிலிருந்து என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன் இன்று கத்தினார். நானும் விடவில்லை.

அவர் விசுக்கென்று எழுந்து போனபிறகுதான் குனிந்து பார்த்தேன். முட்டை உட்பட என் தட்டு காலி.