இந்துமாலா போட்ட சட்டை

3 ஆகஸ்ட் 2024, சனி

வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார். அக்டோபர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம், மகனுக்குக் கல்யாணமாம். ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் இடி என் தலையில்தான்.

ட்ரேசி லூமுட்டிலிருந்து போன் பண்ணினாள். "எங்ககூட வந்துரும்மா, ஒரு ரூம் இருக்கு. ஆனா அந்தச் சாமானெல்லாம் வேணாம் லா. பிள்ளைங்களுக்கு மூச்சு இழுக்குது."

சாமானாம்! நடிகை இந்துமாலாவுக்காக நாற்பத்தைந்து வருஷமாகச் சேர்த்தது. போஸ்டர், பாட்டுப் புத்தகம், தியேட்டர் வாசலில் தொங்கிய அட்டைப் படங்கள். நடு அறை முழுக்க அவள் முகம். பெற்ற மகளுக்கு அது சாமான்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

காலைப் பூசைக்குப் போய் வந்தேன். கோலாலம்பூரில் பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே வேலை செய்யும் ஷர்மினி என்ற பெண்ணின் நம்பரை ட்ரேசி அனுப்பியிருந்தாள். பேசினேன். வந்து பார்க்கிறேன் என்றாள்.

மாதாவே, எல்லாவற்றுக்கும் ஓர் இடம் கிடைத்தால் போதும். நான் எங்கே கிடந்தால் என்ன?

18 ஆகஸ்ட்

சட்டையை எடுத்துக் காற்றாட விட்டேன். என்னிடம் இருப்பதிலேயே பெரிய பொக்கிஷம் இதுதான்.

எனக்குப் பதினாறு வயதில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் படம் பிடிக்க வந்தார்கள். இந்துமாலாவுக்குப் பால்மரம் வெட்டும் பெண் வேஷம். மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த உடுப்பு பளபளவென்று மின்னியது. டைரக்டர் எரிந்து விழுந்தார். வேடிக்கை பார்த்த பெண்களில் எங்கம்மாவைக் காட்டி, "அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்கம்மா" என்றார். அம்மா சேலைக்கு மேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டை. இந்துமாலா அதைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றாள். அப்படி ஓர் அழகு.

சட்டை திரும்பி வந்ததும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றுவரை தண்ணீர் காட்டவில்லை. அவள் வியர்வை அல்லவா!

படம் ஈப்போவுக்கு வந்தபோது அந்தக் காட்சியையே காணோம். வெட்டிவிட்டார்கள். அடுத்த ஆட்டத்திலாவது வந்துவிடாதா என்று திரும்பவும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். பைத்தியம்தான். இல்லை என்று யார் சொன்னது?

24 ஆகஸ்ட், சனி

ஷர்மினி வந்தாள். சின்னப் பெண், மரியாதையான பெண். குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டம்.

போஸ்டர் சுருளைப் பிரித்தோம். பிரியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இழுத்தால் இந்துமாலாவின் கன்னம் துணியிலிருந்து பொருக்காக உதிர்கிறது. பிரிந்தவற்றிலும் முகமெல்லாம் பழுப்புக் கறை.

"எதுல ஒட்டுனீங்க ஆன்ட்டி?"

"கித்தாப் பால்ல."

ரப்பர் மரத்துப் பால். வேறு எதில் ஒட்டுவோம்? தோட்டத்தில் பள்ளிப் புத்தகம், அறுந்த செருப்பு, காற்றாடி எல்லாவற்றுக்கும் அந்தப் பால்தான். போஸ்டர் கிழியக் கூடாது என்று ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் பால் தடவி ஒட்டினேன். ஏழு தலைமுறைக்கு நிற்கும் என்று நினைத்தேன். அந்தப் பாலே நாள்பட நாள்பட காகிதத்தைத் தின்றுவிடுமாம். பசையில் ஒட்டியிருந்தால்கூடப் பிழைத்திருக்குமாம்.

"மத்ததோட வச்சா அதையும் கெடுத்துரும். மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி."

பாட்டுப் புத்தகம் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறதாம்.

கடைசியாகச் சட்டையைக் காட்டினேன். அதைத் தொட்டதும் அவள் முகமே மாறிவிட்டது. இந்துமாலா கதையைச் சொன்னேன். அந்தக் காட்சியின் போட்டோ இருக்கிறதா என்றாள். இல்லை. அதோடு இந்துமாலா பேச்சை விட்டுவிட்டாள். கைமடிப்பில் விறைத்துப்போன பாலை விரலால் தடவினாள். முழங்கையில் வேறு துணி வைத்துத் தைத்ததை யார் தைத்தது என்றாள். இது யாருடைய சட்டை என்றாள்.

"இந்துமாலா போட்டது" என்றேன்.

"அதுக்கு முன்னாடி, ஆன்ட்டி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

25 ஆகஸ்ட்

பூசைக்குப் போகவில்லை.

2 செப்டம்பர்

ஷர்மினி போன். சட்டையை மட்டும் எடுத்துக்கொள்வார்களாம். தோட்டத்துப் பெண்களின் வேலை உடுப்பு இப்போது எங்கும் கிடைப்பதில்லையாம், கிழிந்ததும் கரித்துணி ஆக்கிவிட்டார்களாம். நடிகை போட்டது என்று எழுத ஆதாரம் இல்லை, தொழிலாளி சட்டை என்றுதான் எழுத முடியுமாம்.

அப்படியானால் நான் இத்தனை வருஷம் காத்தது என்ன? அடுப்படித் துணியா? தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

14 செப்டம்பர்

பைத்தியக்காரி மாதிரி சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். இந்துமாலா வாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மரத்தில் உறையும் ஒட்டுப்பால் வாசம், கொஞ்சம் வெற்றிலை. இந்துமாலா எங்கே வெற்றிலை போட்டாள்? அவள் அரைமணி நேரம் நின்றிருப்பாள், அவ்வளவுதான். அம்மா அதைப் போட்டுக்கொண்டு எத்தனை வருஷம் மரத்துக்குப் போனாள்?

அம்மா, எனக்கு இது ஏன் தோணல?

20 செப்டம்பர்

ஷர்மினிக்குப் போன் பண்ணினேன். வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

29 அக்டோபர்

போஸ்டர்களைக் குப்பை லாரி ஏற்றிப் போய்விட்டது. லாரியில் இருந்த பங்களாதேஷ்காரன் ஒரு சுருளைத் திறந்து, இந்துமாலாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு உள்ளே எறிந்தான். நாளை லூமுட்.

11 ஜனவரி 2025, சனி

ட்ரேசி வீட்டில் எனக்கு ஓர் அறை. சுவரில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு மூச்சு நன்றாக இருக்கிறது.

ஷர்மினி பேசினாள். அடுத்த வாரம் கண்காட்சி திறக்கிறார்கள். "அந்தோணியம்மாள், பால்மரத் தொழிலாளி" என்று அம்மா பெயரிலேயே எழுதியாயிற்று, பக்கத்தில் வைக்க அம்மா படம் ஒன்று வேண்டும் என்றாள்.

தேடினேன். கல்யாணப் படம் அண்ணன் வீட்டு வெள்ளத்தில் போனது. அடையாள அட்டையை அம்மா இறந்தபோது அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். முதல் சம்பளத்தில் நான் கேமரா வாங்கினேன். சுருள் சுருளாக எடுத்ததெல்லாம் தியேட்டர் கட்-அவுட். அம்மாவை நிற்க வைத்து ஒன்று எடுக்கவில்லை. ஒன்றுகூட இல்லை.

இல்லை என்று சொன்னேன். "அப்ப இந்துமாலா படம் ஒண்ண வச்சிரலாமா ஆன்ட்டி? நீங்க சொன்ன கதைன்னே சொல்லி அதையும் போட்டுரலாம். எங்க ஆபீஸ் பெரியவங்க சரின்னுட்டாங்க. பாக்கிறவங்களுக்கும் பிடிக்கும்."

போன வருஷம் இதைச் சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

"வேணாம்மா" என்றேன். "அது எங்கம்மா சட்டை."

போனை வைத்தபிறகு அழுதேன். படம் எதுவும் இல்லாமல், சட்டை மட்டும் தொங்கப் போகிறது.