ஜீனத் லாத்தாவுக்கு ஒரு ஸ்டூல்

என் அன்பு லாத்தா,

ஸ்டெல்லா எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் மற்ற எல்லாருக்கும் நான் ‘மூட்டு சிஸ்டர்’தான். பிசியோதெரபிஸ்ட் என்று எத்தனை முறை சொன்னாலும் அது யார் வாயிலும் நிற்பதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட அக்காவாக நீங்கள் ஒருவர் இருந்தீர்கள், இப்போது அதுவும் இல்லை.

நீங்கள் போன ஈரம் காய்வதற்குள் நம் ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் படத்திறப்பு விழா நடத்தி முடித்துவிட்டார்கள். விழா என்றுதான் அழைப்பிதழில் போட்டிருந்தது. அதைப் பற்றி உங்களிடம் சொல்லித் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் மகன் ரியாஸ் முதல் நாளே வந்து பணிவாகச் சொன்னான்: “எங்க வீட்டுல படத்துக்கு மாலை போடுற வழக்கமில்லைங்க சார். எல்லாருமா துஆ செஞ்சாப் போதும்.” மேனேஜர் அவன் தோளைத் தட்டி, “இது எங்க திருப்திக்குத் தம்பி” என்றார். செத்துப்போனது அவன் தாய். திருப்தி வேண்டியது இவருக்கு!

வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேலே பெரியதாகச் சேர்மன், அவருக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி மேனேஜர். நீங்கள் கீழே ஒரு மூலையில், ரேஷன் கார்டு படம் அளவுக்கு இருந்தீர்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பேஷன்ட், “யாருக்குங்க பொறந்தநாளு?” என்று என்னிடம் கேட்டார்.

மேடையில் கல்யாண மண்டபத்துச் சிவப்பு மெத்தை நாற்காலிகள். வந்த விருந்தினர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், லாத்தா. துக்கம் கேட்க வந்தவருக்குப் பொன்னாடை! அதைப் போர்த்திக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மைக்கின் முன்னால் வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நம் நர்ஸுகள் எல்லாரும் வழக்கம்போலப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

பிறகு மேனேஜர் பேசினார். “ஜீனத் சிஸ்டரை இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் உக்காந்து பாத்ததில்ல. நின்ன கால்லயே சேவை செஞ்ச தெய்வம் அவங்க!” என்றார். தெய்வம் என்றதும் நீங்கள் அஸ்தக்ஃபிருல்லா, அல்லா மன்னிக்கணும் என்று காதைப் பொத்தியிருப்பீர்கள். கூட்டம் கைதட்டியது.

நீங்கள் ஏன் உட்காரவில்லை என்று அந்த மனிதருக்குத் தெரியாதா? மாடி வார்டில் நர்ஸுகளுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது என்று சட்டம் போட்டதே அவர்தானே? “நர்ஸு உக்காந்திருந்தா பேஷன்ட் என்ன நெனைப்பான்? சும்மா இருக்கோம்னு நெனைப்பான்.” இதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! இன்றைக்குத் துணிக்கடையில் சேலை விரிக்கிற பிள்ளைகளுக்குக்கூட ஸ்டூல் போட்டுவிட்டார்கள்.

மத்தியானம் டிபன் பாக்ஸோடு என் அறைக்கு இறங்கி வருவீர்கள். மூட்டுப் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, “அல்லாவே” என்று ஒரு பெருமூச்சு விடுவீர்கள். நரம்பு சுருண்டு நீலம் பாரித்த அந்தக் கால்களை என் மடியில் வைத்துப் பிடித்துவிடுவேன். நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கிறவர்களின் முதுகைத் தினமும் பார்க்கிறவள் நான். எனக்கே உங்கள் காலைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளை நானே மறந்தாலும் நீங்கள் மறந்ததில்லை. “ஏ ஸ்டெல்லா புள்ள, இன்னிக்கு நீ கறி தொடக்கூடாதுல்ல? ஒனக்குன்னு கத்தரிக்கா தனியா கொண்டாந்திருக்கேன்” என்பீர்கள். நோன்பு மாதத்தில் உங்கள் வீட்டுக் கஞ்சி தூக்குவாளியில் எனக்கு வந்துவிடும். மதநல்லிணக்கம் என்று மேடையில் முழங்குகிற ஒருவருக்கும் அந்தக் கத்தரிக்காய் தெரியாது.

அந்தச் சுதந்திர தினம் நினைவிருக்கிறதா? ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவள் என்பதால் எந்த விழாவானாலும் மைக்கை என் கையில்தான் திணிப்பார்கள். சுதந்திரத்தைப் பற்றி அன்றைக்கும் பேசினேன். அழகாகத்தான் பேசினேன், எல்லாரும் தட்டினார்கள், எவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. அடுத்து நன்றியுரை உங்களுக்கு. மைக்கைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற ஆள் நீங்கள்.

“கொடி ஏத்துன சாருக்கு நன்றிங்க. மிட்டாய் வாங்கியாந்த வாட்ச்மேன் அண்ணனுக்கு நன்றிங்க. வார்டுல எங்களுக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தீங்கன்னா, அதுக்கும் இப்பவே நன்றி சொல்லிக்கிறேங்க.”

அவ்வளவுதான் பேசினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், மேனேஜரும் சிரித்தார். மறுநாளே உங்களைக் கீழ் வார்டு, மேல் வார்டு இரண்டையும் பார்க்கச் சொல்லி மாடிப்படி ஏறி இறங்க விட்டார். அன்று மத்தியானம் என் அறையில், “நல்லாத்தானே புள்ள பேசுனேன்?” என்று கேட்டீர்கள். நல்லாத்தான் பேசினீர்கள் லாத்தா. நான் இந்த ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரே சுதந்திர தின உரை அதுதான்.

நின்று நின்றுதான் உங்கள் நெஞ்சு அடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவம் படித்துவிட்டு அப்படிப் பொய் சொல்லக்கூடாது. காலையில் டீ போட அடுப்படிக்குப் போனவர் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கேட்ட ஸ்டூலைக் கொடுக்காதவன், நீங்கள் உட்காராததையே பெருமையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினானே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் என்று எழுத வேண்டும், தெரியும். கை வரவில்லை.

விழாவின் கடைசியில், “நம்ம மூட்டு சிஸ்டர் ஒரு சின்ன பிரேயர் பண்ணி, மௌன அஞ்சலியோட முடிச்சு வைப்பாங்க” என்று மேனேஜர் அறிவித்தார். மன்னிக்கிற முகம் வேண்டுமென்றால் கிறிஸ்தவளைக் கூப்பிடுவது இவர்களுக்குப் பழக்கம். மைக்கைக் கையில் வாங்கினேன். வேலை போய்விடும் என்ற நினைப்பும் வரத்தான் செய்தது, என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

“எங்க ஆண்டவர் ஒரு நாள் நடந்து களைச்சுப்போயி கெணத்தடியில உக்காந்தாரு. அவரப் பாத்து, சும்மா இருக்காருன்னு யாரும் சொல்லல” என்று ஆரம்பித்தேன். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பைபிள் கதை என்று நினைத்துக்கொண்டார் போல.

“ஜீனத் லாத்தா நிக்கணும்னு ஆசப்படல. உக்காரணும்னு ஆசப்பட்டாங்க. ஒரு ஸ்டூல் கேட்டாங்க, கெடைக்கல. அதனால அவங்களுக்கு எந்திரிச்சு நின்னு மௌன அஞ்சலி வேணாம். எல்லாரும் உக்காருங்க. பின்னால நிக்கிற நர்ஸுங்க மொதல்ல உக்காருங்க.”

நர்ஸுகள் மேனேஜரைப் பார்த்தார்கள். மேடையில் இருந்தவர்கள் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டு, பொன்னாடையைப் பிடித்தபடி, நிற்பதா உட்காருவதா என்று முழித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வார்டு கூட்டுகிற பெரியநாயகி ஆயாதான், “நாக்காலி இல்லாட்டி என்னத்தா, தரை கெடக்குல்ல, இங்கிட்டு வாங்கடி” என்று தொப்பென்று உட்கார்ந்தது. அதைப் பார்த்து நம் வார்டு நர்ஸு கவிதா உட்கார்ந்தாள். பிறகு சுவரோரம் நின்ற அத்தனை பேரும், வெள்ளை யூனிபாரம் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல், உங்களுக்காகத் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் மைக்கோடு மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ரியாஸ் கையேந்தித் துஆ செய்தான். கண்ணைத் திறந்து பார்த்தேன், மேனேஜர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தில் இத்தனை கசப்பு இருக்காது. மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்றுதான் நினைத்துப் போனேன். “அருமையான ஐடியா சிஸ்டர்! வீடியோ சூப்பரா வந்திருக்கு” என்று செல்போனை நீட்டினார். சோகப் பாட்டுப் போட்டு, மேலே ஆஸ்பத்திரி பேரைப் பெரிதாகப் போட்டு, என் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நர்ஸுகள் தரையில் உட்கார்ந்து அழுவதை விளம்பரமாக விட்டிருக்கிறார்கள். திட்டியிருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருப்பேன். தூ!

ஸ்டூல் என்ன ஆச்சுங்க சார் என்று கேட்டேன். “பாக்கலாம் சிஸ்டர், பட்ஜெட்ல வைப்போம்” என்றார்.

எனக்குப் பேச்சு சலித்துவிட்டது, லாத்தா. நீங்கள் வந்து உட்காருவீர்களே, அந்த ஸ்டூலை மறுநாள் காலையில் நானே தூக்கிக்கொண்டு மாடி ஏறி, நர்ஸுகள் மேஜை முன்னால் போட்டேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் அது என் அறை வாசலில் கிடந்தது. மறுபடி தூக்கினேன். அவர்கள் இறக்குகிறார்கள், நான் ஏற்றுகிறேன். வாட்ச்மேன் அண்ணன், “இது ஒங்களுக்கு எக்ஸர்சைஸா சிஸ்டர்?” என்று கேட்கிறார். ஆமாம் என்றேன்.

நேற்று கவிதா அதில் உட்கார்ந்து காய்ச்சல் சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். மேனேஜரின் ஷூ சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. ஆனால் அவர் படி இறங்கியதும் திரும்ப உட்கார்ந்தாள். அதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

நாளைக்கும் தூக்கிக்கொண்டு ஏறுவேன். என்னை வேலையை விட்டு அனுப்பும் வரைக்கும் ஏறுவேன். அந்த ஷூ சத்தம் கேட்டும் கவிதா எழுந்திருக்காத நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்களை அடக்கியிருக்கும் மையவாடிக்கு வருகிறேன். பெண்களை உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை. ஸ்டூலையும் கையோடு கொண்டுவந்து, மதிலுக்கு வெளியே போட்டு, உட்கார்ந்து உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் கால்கள் இன்னும் மடியில் கனக்கும்
தங்கச்சி ஸ்டெல்லா