பபிலாவின் முகவரிக்கு

ஹாம்பர்க்
9 பிப்ரவரி 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

எனாங்கா எழுதுவது. நான் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் புவேயாவின் மலைக்காற்றில் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே கால்வாய் உறைந்துவிட்டது. அதன்மேல் நாய்கள் நடந்து போகின்றன.

என்ன வேலை என்று கேட்டீர்கள். ஹார்க்ஸன் நிறுவனத்துக்கு அடுத்த வருஷம் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா. மலர் போடுகிறார்கள். நம் மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து கொக்கோவும் ரப்பரும் வந்து இறங்கிய அதே கிடங்கின் நான்காம் மாடியில் அவர்களுடைய பழைய கடிதங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. "கேமரூன் பகுதியை உங்க ஊர்க்காரங்க யாராவது எழுதினா பொருத்தமா இருக்கும்" என்று இயக்குநர் ஃபோல்கெர்ட்ஸ் அம்மாள் என்னைப் பிடித்துப் போட்டார். பதினைந்து வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்த எனக்கு இப்போதுதான் அந்தக் கதவு திறந்தது.

ஆனால் மலரின் ஒரு வரியை எனக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்: 'எங்கள் நிறுவனம் உள்நாட்டு அடிமைகளை விலைகொடுத்து மீட்டு, விடுதலையும் வேலையும் அளித்தது.' இதற்கு ஆதாரம் எங்கே என்றேன். "பெட்டியில இருக்கும், பாருங்க" என்றார். பார்க்கத்தான் போகிறேன்.

நீங்கள் கேட்ட நில வரைபடத்தையும் தேடுகிறேன். கொள்ளுத்தாத்தா எஃபாங்கேயின் நிலத்தைத் தோட்டத்துக்கு வளைத்துக்கொண்டபோது அளந்த படம் இங்கே இருந்தே தீரும். ஜெர்மன்காரன் அளக்காமல் திருட மாட்டான்.

உங்கள் அன்புத் தங்கை,
எனாங்கா

புவேயா
2 ஏப்ரல் 1999

பாசமுள்ள தங்கச்சிக்கு,

மொலுவா அண்ணன் எழுதுகிறேன். உன் கடிதம் ஐந்து வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்தது. அப்பாவின் நினைவு நாளுக்கு நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். அண்ணி கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நம் எரிமலை இரைகிறது. ஒரு வாரமாக நிலம் ஆடுகிறது. சமையல்கட்டுச் சுவரில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

நிலக் கோரிக்கைக் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். தோட்டங்களை அரசாங்கம் தனியாருக்கு விற்கப் போகிறது. அதற்குள் இது எங்கள் முன்னோர் மண் என்று நிரூபிக்க வேண்டும். ஜூலைக்குள் மனு போகிறது. அந்தப் படம் கிடைத்தால் அதுவே பாதி வெற்றி. எஃபாங்கேயின் பேரைச் சொன்னால் கூட்டத்தில் இன்றும் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது வந்தால் வருத்தப்படுவாய். பபிலா வந்திருந்தான். இன்னும் டிக்கோ ரப்பர் ஆலையில்தான் இருக்கிறான், அதே தொழிலாளர் லயன் வீட்டில்தான். மனுவில் தன் குடும்பத்தையும் சேர்க்கச் சொன்னான்.

"உங்க ஆளுங்க மேட்டு நாட்டுலேர்ந்து கூலிக்கு வந்தவங்க. இது ஊர்க்காரங்க மனு" என்றேன்.

"எங்க பாட்டி கைக்குழந்தையா வந்தா. எங்கப்பா இங்க பொறந்தார், நானும் இங்க பொறந்தேன். இன்னும் எத்தனை பேர் பொறந்தா நாங்க ஊர்க்காரங்க ஆவோம், அண்ணே?"

"வேரில்லாத மரத்துக்கு நிலம் எதுக்குப்பா?" என்று குழுவில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். சட்டப்படி நான் செய்தது சரி. ஆனாலும் உனக்குச் சொல்லத் தோன்றியது.

என்றும் உன் அண்ணன்,
மொலுவா

ஹாம்பர்க்
27 ஏப்ரல் 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

படம் கிடைத்துவிட்டது. 1897-ஆம் வருஷத்தது. ஓடை, எல்லைக் கற்கள், நம் வீடு, கொள்ளுத்தாத்தாவின் பெயர் எல்லாம் இருக்கின்றன. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தோட்டம். அந்தப் பக்கம் நம்மை நெருக்கித் தள்ளிய பள்ளம்.

இதோடு நிறுத்திவிட்டால் இது ஒரு நல்ல கடிதம். நிறுத்த முடியவில்லை.

படத்துக்கு இரண்டு வருஷம் முந்திய ஒரு கடிதமும் அதே பெட்டியில் இருந்தது. தோட்ட மேலாளர் இங்கே தலைமைக்கு எழுதியது. நான் மொழிபெயர்த்துத் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை:

'தலைவர் எஃபாங்கே பேசியபடி மேலும் பதினொரு பேரை அனுப்பினார். துப்பாக்கிகளும் சாராயமும் ஒப்படைக்கப்பட்டன. புத்தகத்தில் இதை அடிமை மீட்பு என்று பதியவும். மீட்ட செலவுக்காக இவர்கள் ஐந்து ஆண்டு கூலியின்றி நமக்குக் கட்டுப்பட்டவர்கள். நாலேலா என்ற பெண் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தையைத் திருப்பி அனுப்ப முயன்றோம், அவள் விடவில்லை. மற்றவர்களின் பெயர் தேவைப்படாது.'

பதினான்கு மாதம் கழித்து அதே ஆளின் இன்னொரு கடிதம். பதினொரு பேரில் நால்வர்தான் மிச்சம். இவர்களுக்குக் கடற்கரைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். கங்காணியின் சவுக்கை மாற்ற வேண்டாம், ஆட்களை மாற்றுங்கள் என்று எழுதியிருக்கிறான்.

இதுதான் அவர்கள் அளித்த விடுதலை.

அண்ணா, நாலேலா யார் தெரியுமா? பபிலாவின் பாட்டியைப் பெற்றவள். அவன் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். அவன் தங்கைக்கும் அதே பெயர்தான். இதை அவன் என்னிடம் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வேர் தெரியாத குடும்பத்தில் பெண் கொடுக்க மாட்டோம் என்று நீங்களும் அப்பாவும் சொன்னது அதே வருஷம்.

ஃபோல்கெர்ட்ஸ் அம்மாளிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. முதல் கடிதத்தை மட்டும் மலரில் போடலாம் என்றார்.

"உங்க தலைவரே வித்திருக்கார். நாங்க மட்டும் குத்தவாளின்னு இனி யாரும் சொல்ல முடியாதில்ல?"

"ரெண்டாவது கடிதம்?"

"அது விழா மலருக்கு ஏத்ததில்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே புரட்டுற புத்தகம்."

விற்றவனைக் காட்டி வாங்கினவன் கை கழுவுகிறான். அவர் ஊற்றிக் கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மனுவில் பபிலாவின் குடும்பத்தைச் சேருங்கள். எங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் என்று எழுதிச் சேருங்கள்.

எனாங்கா

புவேயா
20 மே 1999

எனாங்காவுக்கு,

படத்தைத் தேடச் சொன்னால் கொள்ளுத்தாத்தாவின் குழியைத் தோண்டியிருக்கிறாய். நான்கு தலைமுறை மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடந்த மனிதர். வெள்ளைக்காரன் எழுதி வைத்ததுதான் உனக்கு வேதவாக்கா? அந்த மேலாளர் பொய் எழுதியிருக்க மாட்டானா? அவன் ரொட்டியைத் தின்று தின்று உனக்கு அவன் நாக்கே வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் எல்லா ஊர்த் தலைவரும் ஆள் வைத்திருந்தார்கள். துப்பாக்கி இல்லாதவன் ஊரைத் துப்பாக்கி உள்ளவன் எரித்தான். எஃபாங்கே என்ன செய்திருக்க வேண்டும்? நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய், கால்வாயோரம் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவளே?

இந்தக் கடிதம் வெளியே வந்தால் அரசாங்க வக்கீல் முதல் நாளே எழுந்து, 'இவர்கள் தோட்டத்தின் கூட்டாளிகள், பறிகொடுத்தவர்கள் இல்லை' என்பான். இருநூறு குடும்பத்தின் வாயில் மண். அதை நினைத்துப் பார்த்தாயா?

சரி, இனி மறைக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். உன் கல்யாணப் பேச்சு வந்தபோது வாழைத் தோட்டத்தில் நிற்கவைத்துச் சொன்னார்: "அவங்க நாம வெள்ளைக்காரனுக்கு வித்த ஆளுங்கடா. நாம வித்தவங்க வீட்டுக்கே பொண்ணைக் குடுத்தா, நாளைக்கு அவன் நம்ம முற்றத்துல நின்னு ஏன்னு கேப்பான்." நான் தலையாட்டினேன். உன்னிடம் வேர் தெரியாத குடும்பம் என்று சொன்னதும் நான்தான். உனக்கு அது போதும் என்று நினைத்தோம்.

படத்தை மட்டும் அனுப்பு. மற்ற இரண்டையும் எரித்துவிடு. அண்ணனாக இதைக் கேட்கிறேன், கெஞ்சவில்லை.

மொலுவா

ஹாம்பர்க்
11 ஜூன் 1999

திரு. மொலுவா லியோங்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'உனக்கு அது போதும்' என்ற இடத்தில் மூன்று முறையும் நிறுத்தினேன்.

பதினெட்டு வருஷம் நான் உங்களை முரட்டு மனிதர், ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன். அதை மன்னிக்கவும் செய்தேன். பபிலாவை, 'உன் குடும்பத்தில் என்னதான் குறை, சொல்லித் தொலை' என்று நானே கேட்டிருக்கிறேன். அவன் லயன் வாசலில் தலைகுனிந்து நின்றான். குறை அவன் வீட்டில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டே நீங்கள் அவனைத் தலைகுனிய விட்டீர்கள். இந்த வருஷம் மறுபடி விட்டீர்கள், குழுவும் சேர்ந்து சிரித்தது.

எஃபாங்கே துப்பாக்கிக்குப் பயந்தார் என்கிறீர்கள். இருக்கலாம். அவர்மேல் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. உங்களை யார் துப்பாக்கி காட்டி மிரட்டினார்கள்?

இங்கே நடந்ததையும் கேளுங்கள். போன திங்கள் ஃபோல்கெர்ட்ஸ் அம்மாள் கூப்பிட்டார். மேஜைமேல் நம் நிலப்படம், அழகான சட்டம் போட்டு.

"உங்க அண்ணன் வழக்குக்கு இது உதவும்னு கேள்விப்பட்டேன். நாங்களே முத்திரை போட்ட நகல் தர்றோம். நீங்க அந்த ரெண்டாவது கடிதத்தை மறந்துடுங்க. இதுல ரெண்டு பக்கத்துக்கும் லாபம்தானே?"

அண்ணா, அப்போது எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. அவரும் நீங்களும் ஒரு முறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் ஒரே காகிதத்தை மறைக்கச் சொல்கிறீர்கள்.

"ஏழு பேர் செத்ததை எழுதாத புத்தகத்துல என் பேர் வேண்டாம்" என்றேன். ஒப்பந்தத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. நகல் ஏதாவது வெளியே போனால் வழக்கு என்று மட்டும் சொன்னார். நகல்கள் ஏப்ரலிலேயே எடுத்தாகிவிட்டது. வழக்கு வரட்டும். மூன்றையும் இங்கே ஒரு பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டேன்.

ஊருக்கும் அனுப்பிவிட்டேன், படம், கடிதங்கள், என் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே உறையில். உங்கள் முகவரிக்கு இல்லை. பபிலாவின் முகவரிக்கு.

படம் வேண்டுமென்றால் டிக்கோவுக்குப் போங்கள். அந்த லயன் வாசலில் நின்று கேளுங்கள்.

இதற்குமேல் உங்களுக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

எனாங்கா

புவேயா
30 ஆகஸ்ட் 1999

எனாங்காவுக்கு,

எழுத ஒன்றுமில்லை என்றாய். எனக்கு இருக்கிறது. படிக்காமல் கிழித்தாலும் சரி.

மூன்று வாரம் நான் டிக்கோவுக்குப் போகவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அண்ணி காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு. மனு கொடுக்க ஒன்பது நாள் இருக்கும்போது போனேன். மழை. லயன் வரிசையில் எந்த வீடு என்றுகூட எனக்குத் தெரியவில்லை, விசாரித்துப் போனேன். பபிலா ஆலை உடுப்போடு சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா கட்டிலில். தங்கை நாலேலா அடுப்படியில்.

"படத்துக்கு வந்தீங்களா?" என்றான்.

"ஆமா."

உறையை எடுத்து வந்தான். படத்தைத் தரவில்லை. உன் மொழிபெயர்ப்பை நீட்டினான். "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் இன்னும் படிச்சுக் காட்டலை. உங்க வாயால கேக்கட்டும்னு வச்சிருந்தேன்."

வாசலில் நின்றே படித்தேன். உட்காரச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். 'தலைவர் எஃபாங்கே' என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். மேலாளர் பெயரை மட்டும் சத்தமாகப் படித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பபிலா பார்த்துக்கொண்டே இருந்தான். படித்தேன்.

முடித்ததும் அந்த அம்மாள் கேட்டார்: "கொழந்தைய அவ விடலைன்னா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

"என் மாமியாருக்கு இடது கை மடங்காது. சின்னதுல யாரோ புடிச்சு இழுத்ததுன்னு சொல்லுவா. யாருன்னு அவளுக்குத் தெரியலை."

மனுவில் உன் குடும்பத்தை முதலில் சேர்க்கிறேன் என்றேன் பபிலாவிடம். பெருந்தன்மையாகச் சொல்வதாக எனக்கு நினைப்பு. அவன் சிரித்தான், எனாங்கா. குழு சிரித்த மாதிரியே சிரித்தான்.

"உங்க பட்டியல்ல எங்களுக்கு எடம் வேணாம். லயன் ஆளுங்க தனி மனு போடறோம். படத்தோட நகல் உங்களுக்கும் தரேன், நெலம் போனது உண்மைதானே. ஆனா எங்க மனுவுல ஒரு சாட்சி வேணும். வித்த வீட்டுக்காரன் கையெழுத்து."

போட்டேன். அவன் பேனா, அவன் வீட்டுப் பலகை. எஃபாங்கேயின் கொள்ளுப்பேரன் என்று எழுதிப் போட்டேன்.

மறுநாள் குழுவில் நானே சொன்னேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. மாலையில் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரிய மாமா என்னோடு பேசுவதில்லை. சந்தையில் அண்ணிக்கு முதுகு காட்டுகிறார்கள். இரண்டு மனுவும் போயிருக்கின்றன. ஜெயிக்குமா என்று கேட்காதே.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என்னைத் தெருவில் நிற்கவைத்தாய். வேறு வழியில் நான் போயிருக்க மாட்டேன் என்பதும் தெரிகிறது, அதனால் கோபம் இன்னும் கூடுகிறது.

வேர் தெரியாத குடும்பம் என்று உன்னிடம் நான் சொன்னது பொய். அப்பா சொல்லச் சொன்னார் என்பது அதற்குச் சாக்கு ஆகாது.

கிறிஸ்துமஸுக்கு வா. என்னிடம் கத்த உனக்கு நிறைய இருக்கும். எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. காகிதத்தில் கத்த எனக்கு வராது.

மொலுவா