உனக்காக நான் சொன்ன பதில்

முகுந்தா, என் ராஜா,

அந்த ஆஸ்பத்திரி அறையில் அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். கட்டிலில் நீ. தலைமாட்டில் நான். கால்மாட்டில் உன் பெரியப்பா. கதவோரம் ஃபிளாஸ்க்கும் கையுமாகப் பெரியம்மா. உன் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ். கேள்வி கேட்ட டாக்டர். ஆறு பேர். நந்தினி இல்லை. மைத்ரேயிக்கு அம்மை போட்டிருந்ததால் உன் மனைவியும் குழந்தையும் பெங்களூரிலேயே இருந்தார்கள். உன்னோடு கடலுக்கு வந்த சேவியரும் இல்லை. அவன் அப்போது ஊர் திரும்பும் விமானத்தில் இருந்தான்.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்று எதற்கு இத்தனை துல்லியமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். எனக்கு அப்படித்தான் எழுத வரும். பால் கணக்கு, காஸ் வந்த தேதி, யாருக்கு எந்த மாசம் எந்தத் திதி, எல்லாவற்றுக்கும் என்னிடம் நோட்டு உண்டு. அந்த நாளுக்கான பக்கத்தில் மட்டும் ஒரு வரி எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாசம் உனக்கு வருஷாப்திகம், முதல் வருஷத் திதி. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

நீ முதல் தடவை அந்தப் படகைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. படகிலேயே சாப்பாடு, படகிலேயே படுக்கை, ஏழு நாள் கரையே கிடையாது, ஒரு நாளைக்கு மூன்று தடவை முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும், இதற்குப் பெயர் விடுமுறை என்றாய். "ஏண்டா, காவேரியில ஒரு முழுக்குப் போடச் சொன்னா சளி பிடிக்கும்பே, இது எப்படி?" என்று கேட்டேன். "கடல்ல படுத்துண்டிருக்கறவர் ஊர்லேர்ந்து போறேன், அவர் பாத்துப்பார்" என்றாய். உனக்கு எதற்குமே ஒரு பதில் தயாராக இருக்கும்.

திரும்பி வந்து செல்போனில் படம் காட்டுவாய். பவளப்பாறை என்றால் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் திருமண் கட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. "சூடு தாங்காம செத்துப்போறதும்மா, வருஷா வருஷம் கூடிண்டே போறது" என்றாய். அதற்கு நடுவில் ஓர் ஆமை அசையாமல் நின்றது. "மச்சம், கூர்மம் ரெண்டும் சேவிச்சாச்சு. இன்னும் எட்டுதான் பாக்கி." நான் உன் தலையில் குட்டினேன்.

இன்னொன்றும் அன்று சொன்னாய். தண்ணீரிலிருந்து எல்லோரும் ஏறியதும் வழிகாட்டி ஒரு பலகையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவானாம். அவரவர் வாயால் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டுமாம். ஒரு முறை சேவியர் பாத்ரூமில் இருந்தபோது அவனுக்காக நீ 'இருக்கான்' என்று சொல்லிவிட்டாயாம். வழிகாட்டி உன்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டானாம். "ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொல்லவே கூடாதும்மா. அப்படிச் சொல்லித்தான் ஆளைக் கடல்ல விட்டுட்டு வந்திருக்கா." நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். கேட்டேன் என்பது மட்டும் நிஜம்.

தப்பு என் நோட்டில் ஆரம்பித்தது. அப்பாவுக்குத் தசமி திதி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். பஞ்சாங்கம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் படித்தேன். இந்த வீதியில் பாதிப் பேருக்குத் திதி பார்த்துச் சொல்வதும் நான்தான். அந்த வருஷம் பஞ்சாங்கத்தை எடுக்காமல் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்தேன். வியாழக்கிழமை தசமி என்று போட்டிருந்தது. வியாழன் என்று எழுதி, உனக்கும் சொல்லிவிட்டேன். நீ அதை வைத்துத்தான் படகுக்குப் பதிவு செய்தாய். திங்கட்கிழமையோடு குதிப்பதெல்லாம் முடிந்துவிடும், செவ்வாய் சும்மா இருக்கும் நாள், புதன் காலை விமானம், வியாழன் ஸ்ராத்தம்.

நீ படகேறி நாலு நாள் கழித்து, ஸ்ராத்தம் பண்ணிவைக்கும் வாத்தியார் வந்து நோட்டைப் பார்த்தார். "மாமி, நீங்களா இப்படிப் பண்ணினேள்? அந்தத் தசமி வியாழக்கிழமை கார்த்தால ஏழு மணிக்கே முடிஞ்சுடறதே. ஸ்ராத்தத்துக்கு மத்தியானத்துக்கு மேல திதி இருக்கணும். புதன்கிழமைன்னா வரது!" என்றார். ஊருக்கெல்லாம் சரியாகச் சொன்னவள், என் அகத்துக்காரருக்குத் தப்பாகக் குறித்துவிட்டேன்.

உனக்குப் பதினேழு தடவை போன் போட்டேன். நடுக்கடலில் சிக்னல் ஏது? திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நீயே கூப்பிட்டாய். கரையோரம் வந்துவிட்டோம், இப்போதுதான் கடைசியாக ஏறினேன், தலை கூடத் துவட்டவில்லை என்றாய்.

"நாளைக்கே கிளம்பி வந்துடு. அப்பாவுக்குப் புதன்கிழமை."

"நாளைக்கு ஒரு நாள் பறக்கக் கூடாதும்மா. சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கறதுக்கு ஒரு நாளா? ஏன்?"

"ஒடம்புல காத்து ஏறியிருக்கும். அது மெதுவா இறங்கணும்."

"காத்தாவது கருப்பாவது! ஒரு வாரம் மீனோட இருந்தது போறாதா? பெத்த அப்பாவுக்கு வருஷத்துல ஒரு நாள்."

நீ சிரித்தாய். "சரி. மாமி தீர்ப்பு சொல்லிட்டா அப்பீல் கிடையாது" என்றாய். மறுநாள் விடிந்ததும் விமானம் ஏறி, கொழும்பு வழியாகத் திருச்சிக்கு வந்து இறங்கினாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் தைலம் தேய்த்துவிட்டேன். பையைத் தூக்கிய வலி என்று நானே முடிவு செய்தேன். உன்னைக் கேட்கவில்லை.

நீ கடலுக்குப் போனது பெரியப்பாவுக்குத் தெரியாது. ஸ்ராத்தம் செய்கிறவன் முன்கூட்டியே நியமத்தோடு இருக்க வேண்டும் என்பவர் அவர். சமுத்திரம் தாண்டிப் போய்க் கூத்தடித்துவிட்டு வந்தான் என்று தெரிந்தால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார். அதனால் பெங்களூரிலிருந்து நேரே வருகிறாய் என்று சொல்லிவைத்திருந்தேன். "பெருமாள் கோச்சுக்க மாட்டார்மா, பெரியப்பாதான் கோச்சுப்பார்" என்று நீயும் கண்ணடித்தாய்.

புதன்கிழமை எள் உன் விரலிடுக்கில் நிற்கவில்லை. எடுக்க எடுக்கக் கொட்டியது. "என்னடா, கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி விரல் தேஞ்சுடுத்தா?" என்றார் பெரியப்பா. "மரத்துப்போயிருக்கு பெரியப்பா" என்று சிரித்தாய். சமையலறையிலிருந்து நானும் என் பங்குக்கு, "பாத்துப் போடுடா, அப்பாவுக்குப் போறது" என்று அதட்டினேன். முகுந்தா, அந்த எள்ளை நான்தான் பெருக்கி எடுத்தேன். இவ்வளவு கொட்டியிருக்கிறதே என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு எழுந்திருக்க முயன்றாய். கால் வரவில்லை. மூச்சு இழுத்தது. ஆட்டோவில் பெரியப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உன்னைத் தாங்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் உன்னைத்தான் கேட்டார். "சார், இந்த ஒரு வாரத்துல எங்கயாவது வெளியூர் போனீங்களா? வழக்கமில்லாம ஏதாவது செஞ்சீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நீ வாயைத் திறந்தாய். "க..." என்று வந்தது. பெரியப்பா குனிந்து கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்கயும் போகலை டாக்டர். பெங்களூர்ல ஆபீஸ் வேலை. அங்கேர்ந்து நேரே வந்தான். அலைச்சல்தான். இவன் அப்பாவும் ஹார்ட்லதான் போனார்."

நீ என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை. அந்தப் பார்வை என்ன என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்தாயா? இல்லை, பேச முடியவில்லையா?

பெரியப்பா காபி குடிக்கப் போனதும் டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பெருமாள்மேல் ஆணை. அவர் காபி குடிக்கவே போகவில்லை. ஒரு மணி நேரத்தில் உன் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். டாக்டர்கள் ஓடி ஓடி இதயத்துக்குத்தான் வைத்தியம் பார்த்தார்கள். நான் சொன்னதற்கு ஏற்றபடி, அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அந்த நேரத்தில் கடல் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியாது. வியாழன் காலை எட்டரைக்கு நீ போய்விட்டாய். "ஏகாதசி பொறந்துடுத்து. நேரா வைகுண்டம்" என்றார் பெரியப்பா. நான் தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்துச் சேவியர், நீ அவனிடம் விட்டுவந்த இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மன்னார்புரத்திலிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தான். உட்காரக்கூட இல்லை. "ஃப்ளைட்டைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னீங்கள்ல ஆன்ட்டி?" என்று கேட்டான். நான் தரையைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோலி சோடாவை உடைத்தால் பொங்குமே, அதுபோல உடம்பில் கரைந்திருந்த காற்று உயரே போனதும் குமிழ் குமிழாகப் பொங்கும், அது எங்கே போய் அடைக்கிறதோ அந்த இடம் போச்சு என்றான்.

"சொல்லியிருந்தா பிழைச்சிருப்பானா?"

"பிழைச்சிருப்பான்னு என்னால சொல்ல முடியாது ஆன்ட்டி. பிழைச்சிருக்க மாட்டான்னும் சொல்ல மாட்டேன். வேற வைத்தியம் பாத்திருப்பாங்க, அவ்வளவுதான் தெரியும்." வாசல் வரை போய்த் திரும்பினான். "நந்தினிகிட்ட நான் பேசலை. அதை நீங்கதான் சொல்லணும்."

பையில் உன் குறிப்புப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு முறை இறங்கியதற்கும் ஆழம், நிமிஷம், சிலிண்டரில் இருந்த காற்று, மிச்சக் காற்று. அதையும் நானாகவே படிக்கக் கற்றுக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் முப்பது மீட்டர் என்று போட்டு, கீழே தமிழில் எழுதியிருக்கிறாய்: 'ஆமை மூணு. அம்மாவுக்குச் சொல்லணும்.' சொல்லவில்லையே, கண்ணா. வந்ததிலிருந்து உன்னைப் பேச விட்டேனா நான்?

நந்தினியும் என்னைக் கேட்டாள். "டைவிங் போய்ட்டு வந்தது டாக்டருக்குத் தெரியுமாம்மா?" "எல்லாம் சொன்னேம்மா" என்றேன். இரண்டாவது பொய்க்கு முதல் பொய் அளவுக்குக் கூட நேரம் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு இதயம், மகனுக்கும் இதயம் என்று ஆகிவிட்டது. குழந்தையையும் பார்த்துவிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து மைத்ரேயியை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை படுக்கவைத்து மார்பில் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். ஓட்டப் பந்தயத்திலிருந்து பெயரை எடுத்தாயிற்று. ஸ்கூல் பஸ்ஸுக்குக் கூட ஓடக் கூடாது.

போன வாரம் போனில் கேட்டாள். "பாட்டி, அப்பா மாதிரி எனக்கும் திடீர்னு நின்னு போயிடுமா?"

ஏழு வயசுக் குழந்தை, முகுந்தா. பெரியப்பாவின் ஒரு பேச்சுக்குப் பயந்து நான் சொன்ன ஒரு வாக்கியத்தை அவள் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறாள். "அசடே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நந்தினி சனிக்கிழமை குழந்தையோடு வருகிறாள். அவள் முகம் கழுவி உட்கார்ந்ததும், சமையலறையில் அடுப்பு மூட்டும் முன், இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து போக மாட்டேன். பிறகு பெரியப்பாவிடம் சொல்வேன். திங்கட்கிழமை நந்தினி சம்மதித்தால் அவளோடு, இல்லாவிட்டால் தனியாக, அந்த டாக்டரைப் போய்ப் பார்ப்பேன். குழந்தையை இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று அவர் நிஜத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அதன் பிறகு நந்தினி இந்தப் படியில் கால் வைக்க மாட்டாள் என்றால், அதையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். மன்னிப்புக் கேட்கும் யோக்யதை எனக்கு இல்லை. குழந்தை ஓடினால் போதும்.

இதை நாலு பேர் படிக்கவும் கொடுக்கப்போகிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கேட்டால் நோயாளியைப் பேச விடுங்கள் என்று எந்த அம்மாவாவது தெரிந்துகொள்ளட்டும்.

உன் வருஷாப்திகத்தன்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகு, அந்தப் பலகைக்காரன் மாதிரி பெயர் கூப்பிடப்போகிறேன். பெரியப்பா, பெரியம்மா, சேவியர், நந்தினி, மைத்ரேயி. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தால் நினைக்கட்டும். அவரவர் வாயால் சொல்லட்டும். கடைசியில் உன் பெயரைக் கூப்பிடுவேன். இந்தத் தடவை உனக்காக நான் பதில் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு வாயைத் திறந்தாயே, என்ன சொல்ல வந்தாய்? கனவிலோ, எப்படியோ, நீயே சொல். நாள் அதிகம் இல்லை, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுப்பா.

உன்னைப் பெற்ற
அம்மா
ஸ்ரீரங்கம்