ரேவதிக்காகப் பஷீர் அண்ணன் பேசிய காலை

என் சண்டைக்கார ஷமீமுக்கு,

சேதி கேட்டியா? நம்ம டிவி தொடர் ‘பூட்டிய மாடி’ முடியப் போகுது. வர்ற ஞாயிற்றுக்கிழமையோட கடைசி. செஞ்சியில எந்தக் கடையில நின்னாலும் இப்ப ஒரே பேச்சு: ரேவதி செத்தாளா, இருக்காளா? இந்த நேரத்துல நீ இல்லாமப் போயிட்டியேடி.

உனக்குத் தெரிஞ்ச கதைதான். இருந்தாலும் இதைப் படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். மழை கொட்டுற ராத்திரியில பெரிய வீட்டு மருமக ரேவதி காணாமப் போறா. கிணத்தடியில அவ செருப்பு மட்டும் கிடக்குது. மாடியில அவ ரூமு அன்னையிலேர்ந்து பூட்டியே கிடக்குது. புருஷன்தான் கொன்னு புதைச்சுட்டான்னு நான் சொன்னேன். திண்டிவனம் பஸ்ஸுல நம்மகூட வேலைக்கு வர்ற அத்தனை பேரும் என் கட்சி. நீ ஒருத்திதான், “அவ மூக்குக் கண்ணாடி எங்கடி? செருப்ப விட்டுட்டு ஓடுவா, கண்ணாடிய விட்டுட்டு ஓடுவாளா? அவ தப்பிச்சுப் போயிட்டா”ன்னு தனியா நின்னு கத்துவ. தீவனூர் தாண்டுறதுக்குள்ள கண்டக்டரும் சண்டையில சேர்ந்துடுவாரு.

போன கோடையில நெஞ்சு வலின்னு படுத்த நீ, எழுந்திருக்கவே இல்லை. அதுக்கப்புறம் பஸ்ஸுல யாரும் அந்தத் தொடரைப் பத்திப் பேசலை. அவங்கவங்க வீட்டுல பார்த்தோம், அவங்கவங்க மனசுக்குள்ள வெச்சுக்கிட்டோம். பேச வாயெடுத்தா உன் சீட்டைப் பார்க்க வேண்டியிருக்குமே.

போன அமாவாசையன்னைக்கு நடந்ததை உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவேன்? கோயில் கூட்டத்துக்காகப் பாதி பஸ்ஸை மேல்மலையனூருக்குத் திருப்பி விட்டுட்டாங்க. ஸ்டாண்டுல கால் வைக்க இடமில்லை. நம்ம வண்டி வர்ற வழியக் காணோம். எதிர்ல உன் வீட்டுக்காரரோட மோட்டார் ரிப்பேர் கடை. பஷீர் அண்ணன் கைக் கிரீஸைத் துடைச்சுக்கிட்டே எங்ககிட்ட வந்தாரு. நாலு பேர் நடுவுல வாயே திறக்காத மனுஷன். நீ டிவியைப் போட்டா தலையைப் போர்த்திக்கிட்டுப் படுத்த மனுஷன்.

“தங்கச்சி, ரேவதி உசிரோடதான் இருக்கா”ன்னாரு.

நான் கேட்டேன், “இன்னாண்ணே, நீங்க அதைப் பாக்குறீங்களா?”

“மொதல் வாரத்துலேர்ந்து போன்ல போட்டுப் பார்த்துட்டேன். ஷமீம் இன்னாத்துக்கு அவ்ளோ கத்தினான்னு தெரியணும்ல?”

பக்கத்துல நின்ன விமலா டீச்சர் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான், “சரிண்ணே, ஷமீம் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒத்துக்கிறேன்”னேன்.

அண்ணன் முகம் மாறிப்போச்சு. “அவ இங்க நின்னா ஒத்துக்குவியா நீ? பாவம் பார்த்து விட்டுக் குடுக்கிறது அவளுக்கு மரியாதையா? எதிர்த்துப் பேசும்மா.”

பேசினேன் ஷமீம், விடலை. “கண்ணாடியைப் புருஷனே ஒளிச்சிருக்கலாம். உசிரோட இருந்தா பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா?”

“பெத்தவகிட்ட சொன்னா அந்தப் பாவி மொதல்ல அங்கதான் போய் நிப்பான். மாமியாரைப் பாரு. மூணாவது வாரத்துல மாடியில நின்னு யாருக்கோ போன் போட்டு, ‘சாப்டியா’ன்னு கேக்குறா. அந்த வீட்டுல அவ யாரையாவது அப்படிக் கேட்டிருக்காளா?”

“அவ தன் தம்பிகிட்ட பேசியிருப்பா.”

“தம்பிகிட்ட எதுக்குக் குசுகுசுன்னு பேசணும்? ரேவதியை ஒளிச்சு வெச்சிருக்கிறதே அந்தம்மாதான்.”

எங்களைச் சுத்திக் கூட்டம் கூடிப்போச்சு. கையில வேப்பிலையோட நின்ன ஒரு அம்மா பதறிப்போய், “யாரு அந்தப் பொண்ணு? எந்த ஊரு? ஆத்தாகிட்ட வேண்டிக்கிறேன்”னாங்க. டிவியில வர்றவன்னு சொன்னோம். “வந்தா இன்னா, பொண்ணுதானே”ன்னுட்டு மலையனூர் பஸ்ஸுல ஏறிப் போயிட்டாங்க.

நான் இன்னும் மடக்கினேன். அண்ணன் குரல் கம்மிப் போச்சு, ஆனா நிறுத்தலை. “ஒரு பொம்பளையக் காணோம்னா, செத்துட்டான்னு எல்லாரும் முடிவு கட்டிடுறீங்க. எங்கியாவது நல்லா இருப்பான்னு ஆசைப்பட ஒருத்தராவது வேணாமா? ஷமீம் ஆசைப்பட்டா. அதுக்குத்தான் கத்தினா.”

விமலா டீச்சர், “நான் இனிமே ஷமீம் கட்சி”ன்னு அங்கியே அறிவிச்சுட்டாங்க. நான் மாறலை. “நீ மாறாதே”ன்னு அண்ணன் சிரிச்சாரு. நீ போனப்புறம் அவர் சிரிச்சு இப்பத்தான் பார்க்கிறேன்.

எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? ஊருக்கு நடுவுல, தன் பொண்டாட்டி சொன்னதுதான் சரின்னு ஒரு மனுஷன் நின்னு வாதாடினாரு. அவரைப் பேச வெச்சது நீ. ஷமீமோட சிநேகிதின்னு அன்னைக்கு நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

அன்னையிலேர்ந்து நம்ம பஸ்ஸுல மறுபடி சத்தம்தான். வர்ற ஞாயிறு எல்லாரையும் உன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காரு. “ஒருவேளை நீங்க தோத்துட்டா?”ன்னு கேட்டேன். “தோத்தா இன்னா? அவ பேசினது இல்லேன்னு ஆயிடுமா?”ன்னாரு.

உனக்கு ஒரு வாக்குத் தரேன் ஷமீம். இரக்கப்பட்டு ஒரு வார்த்தைகூட விட்டுக் குடுக்க மாட்டேன். மாடியில ரேவதியோட ரூம் கதவு திறக்கிற கடைசி நிமிஷம் வரைக்கும் உன் புருஷனோட மல்லுக்கு நிப்பேன். கதவுக்குப் பின்னால அவ உசிரோட நின்னா, மொதல்ல கை தட்டுறது நானாத்தான் இருக்கும்.

உன் எதிர்க்கட்சி,
கூடப் பிறக்காத தங்கச்சி,
வள்ளி